தடுமாறும் துப்பறிவாளரும் பெயர் பெறாத உழைப்பும்: ஒரு சிறுவர் சித்திரத் தொடரின் சமூக வரலாறு

(1)

சிறுவர்க்கென ஆக்கப்படும் கலைவடிவங்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே இன்னும் உரியவாறு வேரூன்றவில்லை. காவியத்துக்கும் நாவலுக்கும் சிறுகதைக்கும் நாம் காட்டும் அக்கறையைச் சிறுவர் நாள்தோறும் பார்க்கும் சித்திரப் படங்களுக்குக் காட்டியதில்லை. அவை வெறும் பொழுதுபோக்கு, ஆதலின் தீங்கற்றவை என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். இவ்வெண்ணத்தை வன்மையாக மறுத்தோருள் ஏரியல் டோர்ஃப்மன், ஆர்மண்ட் மத்தலார் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். டிஸ்னி நிறுவனத்தின் டொனால்ட் டக் சித்திரக் கதைகளை ஆராய்ந்து அவர்கள் எழுதிய நூல் 1971இல் சிலி நாட்டில் வெளிவந்தது. அக்கதையுலகில் பெற்றோர் இல்லை, மாமன்மாரும் மருமக்களுமே உளர். செல்வம் உண்டு, அதனை உண்டாக்கும் உழைப்பாளர் இலர் என்று அவர்கள் எடுத்துக் காட்டினர். 1973இல் அலெண்டேயின் ஆட்சியைக் கவிழ்த்த இராணுவத்தினர் அந்நூலையும் தீக்கிரையாக்கினர். ஒரு வாத்தைப் பற்றிய நூலை எரிக்கவேண்டிய தேவை ஓர் இராணுவ ஆட்சிக்கு ஏற்பட்டதெனின், அவ்வாத்து வெறும் வாத்தன்று என்பது வெளிப்படை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது வாத்தையன்று; ஒரு பொலிஸ் அதிகாரியை. 1983இல் தொடங்கிய ‘இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்’ என்னும் தொலைக்காட்சிச் சித்திரத் தொடரும், அதிலிருந்து கிளைத்த ‘கேட்ஜெட் பையனும் ஹெதரும்’ முதலிய தொடர்களும் எமது ஆய்வுப் பொருளாகும். உடலெங்கும் இயந்திரக் கருவிகள் பொருத்தப்பட்ட, எதையும் சரிவரச் செய்யத் தெரியாத ஒரு துப்பறிவாளர் ஒவ்வொரு முறையும் வெற்றி பெறுவதே இவற்றின் கதை. இதன் பின்னால் இரு வினாக்கள் உள்ளன. தடுமாறும் காவலரைக் கண்டு மக்கள் சிரித்த சிரிப்பு வரலாற்றில் எவ்வாறு உருமாறி வந்தது? வேலையைச் செய்பவர் யார், அதன் பெயரைப் பெறுபவர் யார்? இரண்டாவது வினா கதைக்குள்ளேயும் எழுகிறது. கதையை வரைந்த கூடங்களிலேயும் எழுகிறது.

(2)

துப்பறியும் கதை நவீன பொலிஸ் அமைப்போடு உடன்பிறந்தது. பாரிஸ் நகரில் குற்றவாளியாயிருந்து மனம் மாறிய விடோக் என்பவரின் தலைமையில் 1812இல் இரகசியப் பொலிஸ் பிரிவு தோன்றியது. இலண்டன் மாநகரப் பொலிஸ் 1829இல் நிறுவப்பட்டது. 1841இல் எட்கர் அலன் போ தமது டூப்பன் என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். 1887இல் கொனன் டொயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் தோன்றினார். இவ்விரு கதாநாயகருக்கும் பொதுவான பண்பொன்றுண்டு. இருவரும் அரச உத்தியோகத்தர் அல்லர். ஓய்வும் கல்வியும் படைத்த தனிமனிதர். அவர்களின் கூர்மதி விளங்கும்பொருட்டு அரச பொலிஸ்காரர் மந்தமதியினராகக் காட்டப்படுகின்றனர். தனது சொத்தைக் காக்கப் பொலிசை நாடிய நடுத்தர வர்க்கம், அறிவுடைமை என்னும் சிறப்பை மட்டும் பொலிஸ்காரனுக்கு விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. இங்கே காவலரைப் பார்த்து எழும் சிரிப்பு மேலிருந்து கீழ்நோக்கிய சிரிப்பாகும்.

திரைப்படம் தோன்றியபோது இச்சிரிப்பின் திசை மாறியது. மக் செனற் 1912இல் தொடங்கிய கீஸ்ரோன் நிறுவனத்தின் ஊமைப் படங்களில், ஒழுங்கின்றி ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழும் பொலிஸ் கூட்டமொன்று இடம்பெற்றது. அமெரிக்க நகரங்களில் அக்காலத்துக் குறைந்த கட்டணத் திரையரங்குகளை நிறைத்தோரில் பெரும்பகுதியினர் தொழிலாளரும் பிறநாடுகளிலிருந்து குடியேறியோருமாவர். வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டாந்தடியை அறிந்தவர்கள் அவர்கள். திரையில் அதே சீருடை சேற்றில் புரள்வதைக் கண்டு அவர்கள் சிரித்த சிரிப்பு கீழிருந்து மேல்நோக்கி எழுந்தது. எனினும் அதனை மிகைப்படுத்தி மதிப்பிடலாகாது. படம் முடிந்து வெளியே வந்தவனை அதே காவலன் அதே தடியுடன் எதிர்கொண்டான். சிரிப்பு மனத்தின் அச்சத்தைச் சிறிது தளர்த்தியது, அதிகாரத்தை அசைக்கவில்லை.

(3)

1960களில் மூன்றாவது மாற்றம் நிகழ்ந்தது. பிளேக் எட்வேர்ட்ஸ் இயக்கிய ‘பிங்க் பந்தர்’ 1963இல் வெளிவந்தது. அதில் பீற்றர் செல்லர்ஸ் நடித்த பிரெஞ்சு பொலிஸ் இன்ஸ்பெக்டர் குளூசோ முதன்மைப் பாத்திரமாக எண்ணப்பட்டவரல்லர். ஆயினும் அவரே படத்தைத் தமதாக்கிக் கொண்டார். அடுத்த ஆண்டிலேயே அவரை நடுநாயகமாகக் கொண்டு இன்னொரு படம் எழுந்தது. முந்திய அசட்டுக் காவலர் தோற்றார்கள். குளூசோவோ தமது அறியாமையாலேயே ஈற்றில் வெல்கிறார். பிழைகள் யாவும் தற்செயலாக நன்மையில் முடிகின்றன. அதிகாரம் அறிவற்றதாயினும் இறுதியில் சரியானதே என்னும் கருத்து நகைச்சுவையின் போர்வையில் நுழைந்த இடம் இதுவாகும்.

இப்படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலுக்குச் சித்திரம் வரைந்த டிபற்றி-ஃப்ரீலெங் நிறுவனம், 1965 முதல் 1969 வரை ‘இன்ஸ்பெக்டர்’ என்னும் 34 குறும் சித்திரப் படங்களைத் தயாரித்தது. திரையரங்குகளுக்கென ஆக்கப்பட்ட இவை பின்னர் தொலைக்காட்சி வழியே சிறுவரை அடைந்தன. வளர்ந்தோர்க்கான திரைப்படமொன்றின் பாத்திரத்தைப் பிரித்தெடுத்துச் சிறுவர்க்கான பண்டமாக மாற்றும் முறையின் தெளிவான முன்மாதிரி இதுவெனலாம். இச்சித்திரங்களில் இன்ஸ்பெக்டர் பலமுறை தோற்கிறார். மேலதிகாரியின் சீற்றத்துக்கும் ஆளாகிறார். கீஸ்ரோன் மரபின் எச்சம் இங்கு முற்றாக அழியவில்லை.

அதே 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கெற் ஸ்மார்ட்’ என்னும் நகைச்சுவைத் தொடர் ஆரம்பமாகி 1970 வரை நடந்தது. மெல் புரூக்ஸ், பக் ஹென்றி ஆகியோர் உருவாக்கிய இத்தொடரில் டொன் அடம்ஸ் ஓர் அசட்டு உளவாளியாக நடித்தார். கெடுபிடிப் போர்க் காலத்தின் உளவுக் கதைகளையும் அவற்றில் மலிந்த விந்தைக் கருவிகளையும் அது எள்ளி நகையாடியது. அவருடைய துணைவியாக வரும் பெண் உளவாளிக்குப் பெயரே இல்லை. 99 என்னும் எண்தான் உண்டு. அவரைப் பல இக்கட்டுகளிலிருந்து மீட்பவள் இவளே. இவ்வெண்ணை மனங்கொள்ளவேண்டும்.

குளூசோவின் தோற்றமும் அடம்ஸின் குரலும் ஒன்று சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் கேட்ஜெட் பிறந்தார். முதல் மாதிரிப் படத்தில் அவருக்கு மீசையிருந்தது. அது குளூசோவை நினைவூட்டுவதாக எம்.ஜி.எம். நிறுவனம் ஆட்சேபித்ததன் பேரில் மீசை நீக்கப்பட்டது. முதலாளித்துவ உற்பத்தி முறையில் ஒரு மீசைக்கும் உரிமையாளர் உண்டு. ஆனால் மீசையை வரைந்த கைக்கு உள்ள உரிமை வேறு வகையானது.

(4)

இத்தொடரைத் தயாரித்த டிக் நிறுவனம் 1971இல் பிரான்சில் ஜோன் ஷலோப்பன் என்பவரால் தொடங்கப்பட்டது. அன்டி ஹேவேர்டின் பொறுப்பில் அதன் அமெரிக்கக் கிளை திறக்கப்பட்ட ஆண்டு 1982. இவ்விருவரும் புருனோ பியாங்கியும் கேட்ஜெட்டை உருவாக்கியவர்கள். அதே 1982இல் ஹொலிவூட் சித்திரத் தொழிலாளர் வாழ்வில் ஒரு பெருந் தோல்வி நிகழ்ந்தது என்பதை இவ்விடத்துச் சேர்த்து நோக்குதல் வேண்டும். சித்திர வேலையை வெளிநாடுகளுக்கு அனுப்புவதை எதிர்த்து அவர்களின் தொழிற்சங்கம் 1979இல் வேலைநிறுத்தம் செய்து, உள்ளூர்த் தொழிலாளருக்கு முன்னுரிமை தரும் பாதுகாப்பு விதியொன்றைப் பெற்றிருந்தது. 1982இல் அவ்விதியைக் காக்கப் பத்து வாரங்கள் போராடிய தொழிலாளர் தோற்றனர், விதியும் பறிபோயிற்று. அதன்பின் வேலை தங்குதடையின்றிக் கிழக்கு நோக்கிச் சென்றது.

கேட்ஜெட் தொடர் இப்புதிய உழைப்புப் பிரிவினையின் குழந்தையாகும். திட்டம் பாரிசிலும் அமெரிக்காவிலும் உருவாயிற்று. கனடாவின் நெல்வானா நிறுவனத்தார் எழுத்து வேலையிற் பங்குகொண்டனர். சித்திரங்களை உயிர்பெற்று அசையச் செய்யும் உழைப்பு யப்பானில் டோக்கியோவிலும் தாய்வானில் தாய்பெயிலும் நடைபெற்றது. தாய்பெயின் ‘குக்கூஸ் நெஸ்ற்’ கூடம் 1978இல் அமெரிக்கச் சித்திர நிறுவனங்களின் வேலையைச் செய்வதற்கெனத் தோன்றியது. தாய்வானில் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம் நிலவியது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அங்கு மறுக்கப்பட்டிருந்தது. ஹொலிவூட்டில் தோற்ற தொழிலாளருக்கும் தாய்பெயில் வேலை பெற்ற தொழிலாளருக்கும் இடையே பகைமை ஏதுமில்லை. ஒருவரின் தோல்வியையும் மற்றவரின் உரிமையின்மையையும் ஒரே கணக்கில் இலாபமாக எழுதிக்கொண்டது மூலதனம்.

உழைப்பின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 22 நிமிடத் தொடர்ப் பகுதி ஒன்றுக்கு இது 31,680 படங்களாகும். ஒரு சித்திரத்தை இருமுறை படம்பிடிப்பதாலும், அசையாத பகுதிகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதாலும் வரையவேண்டிய தொகை வெகுவாகக் குறையும். குறைந்தாலும் அது ஆயிரக்கணக்கிலேயே நிற்கும். முதற் பருவத்தில் 65 பகுதிகள் ஆக்கப்பட்டன. இவ்வெண் கலைத் தேவையால் எழுந்ததன்று. வாரத்துக்கு ஐந்து நாளாகப் பதின்மூன்று வாரங்களை நிரப்பி நிலையங்களுக்கு மொத்தமாக விற்பதற்கு ஏற்ற தொகை அதுவாகும். இரண்டாம் பருவத்தின் 21 பகுதிகளையும் சேர்க்க மொத்தம் 86.

விற்பனைக்கான சூழலும் அப்போது கனிந்திருந்தது. றேகன் ஆட்சியில் 1981இல் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவின் தலைவரான மார்க் பௌலர், தொலைக்காட்சியும் ஏனைய பண்டங்களைப் போன்றதே, சந்தையே அதனை ஆளட்டும் என்னும் கொள்கையினர். 1984இல் விளம்பர நேரத்துக்கான வரையறைகள் நீக்கப்பட்டன. விளையாட்டுப் பொருளும் தொடரும் ஒன்றையொன்று விளம்பரம் செய்யும் காலம் பிறந்தது. கேட்ஜெட்டின் எதிரியான டொக்டர் குளோவின் முகம் தொடரில் ஒருபோதும் காட்டப்படுவதில்லை. இரும்புக் கையுறை அணிந்த கை மட்டுமே தெரியும். 1992இல் அவருடைய பொம்மை விற்பனைக்கு வந்தபோது பொதியில் முகம் மறைக்கப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளாக வளர்க்கப்பட்ட சிறுவரின் ஆவல் காசு கொடுத்தே தீர்க்கப்பட வேண்டியதாயிற்று.

(5)

இனி, கதைக்குள் புகுவோம். மனித உடலில் இயந்திரத்தின் விறைப்புத் தோன்றும்போது நகைப்பு எழுகிறது என்னும் கருத்தை ஹென்றி பேர்க்சன் 1900இல் முன்வைத்தார். கேட்ஜெட்டிடம் அது உருவகமாக நில்லாது உடலாகவே ஆகிவிட்டது. தொப்பியிலிருந்து ஹெலிகொப்டர் விசிறி எழும், கைகள் நீளும், கால்களில் சுருள்வில் முளைக்கும். ஆனால் அவர் அழைக்கும் கருவி வருவதில்லை, அழைக்காத கருவி வருகிறது. தொழிலாளி இயந்திரத்தின் துணையுறுப்பாக மாறும் நிலையை மார்க்ஸ் ஆராய்ந்தார். இங்கோ இயந்திரம் மனிதனின் துணையுறுப்பாயிருந்தும் அவன் சொற்கேட்பதில்லை. தொழில்நுட்பத்தின்மீது முதலாளித்துவ சமூகம் கொண்டுள்ள பக்தியும் அச்சமும் ஒருங்கே இந்நகைச்சுவையில் வெளிப்படுகின்றன.

வழக்கை உண்மையில் துலக்குபவள் கேட்ஜெட்டின் மருமகளான பெனி என்னும் சிறுமி. புத்தக வடிவில் மறைத்த கணினியும் கைக்கடிகாரத் தொடர்புக் கருவியும் அவளிடம் உண்டு. பிரெயின் என்னும் நாய் பற்பல மாறுவேடம் பூண்டு இன்ஸ்பெக்டரை ஆபத்திலிருந்து காக்கிறது. அதன் பெயருக்கு மூளை என்பது பொருள். இன்ஸ்பெக்டரோ எதிரியை நண்பனென்றும், தம்மைக் காக்கும் நாயை எதிரியின் ஆளென்றும் கருதுகிறார். இறுதியில் மேலதிகாரி குயிம்பி வந்து பாராட்டுவது அவரையே. பெனி மறுப்பதில்லை; நாயுடன் கண்சாடை காட்டிப் புன்னகைத்து நிற்கிறாள்.

டோர்ஃப்மனும் மத்தலாரும் வாத்துலகில் கண்ட குடும்ப அமைப்பு இங்கும் மீண்டும் தோன்றுகிறது. பெற்றோர் இலர்; மாமனும் மருமகளுமே உளர். எனினும் முக்கியமான ஒரு வேறுபாடுண்டு. வாத்துலகில் உழைப்பு மறைக்கப்படுகிறது; கேட்ஜெட்டின் உலகில் அது திரையில் வெளிப்படையாகக் காட்டப்படுகிறது. மறைக்கப்படுவது அதற்குரிய மதிப்பு மட்டுமே. பார்க்கும் குழந்தை உண்மையை முழுதும் அறியும். குயிம்பி அறியார், இன்ஸ்பெக்டர் அறியார். ஐந்து வயதுக் குழந்தை அறியும். தோற்றத்துக்கும் சாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்தும் முதற் பாடமாக இதனைக் கொள்ளலாம். அதிகாரத்தின் புகழ் பிறர் உழைப்பில் எழுந்தது என்பதை நாள்தோறும் சிறுவர் கண்ணெதிரே நிறுவும் இத்தொடரை வெறும் ஆளும் வர்க்கப் பிரசாரம் என ஒதுக்கிவிடுவது இயந்திரப் பாங்கான விமர்சனமாகும். கேட்ஜெட்டின் கருவிகளைப் போலவே அத்தகைய விமர்சனமும் வேண்டாத இடத்தில் நீளும்.

ஆயினும் மறுபக்கத்தையும் கூறவேண்டும். உண்மையை அறிந்த பெனி அதனை உரைப்பதில்லை. அவளது மௌனம் அன்பின் அடையாளமாகவும், அடக்கம் ஒரு நற்குணமாகவும் சித்திரிக்கப்படுகின்றன. இது பெண் குழந்தைக்குக் கூறப்படும் பழைய போதனையாகும்: வேலையைச் செய், பெயர் மாமனுக்குரியது, புன்னகை உனக்குப் போதும். முதற் பருவப் பகுதிகளின் முடிவில் பாதுகாப்புப் பற்றிய அறிவுரையொன்றும் இணைக்கப்பட்டது. உண்மையில் எதையும் அறியாத இன்ஸ்பெக்டரே அங்கும் அறிவுரையாளராக நிற்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

(6)

1995இல் ‘கேட்ஜெட் பையனும் ஹெதரும்’ என்னும் கிளைத்தொடர் தோன்றியது. இதில் துப்பறிவாளர் சிறுவனாகிவிடுகிறார். கருவிகளும் குழப்பமும் அவ்வாறே உள்ளன. சிறுவனுக்கும் குரல் கொடுத்தவர் டொன் அடம்ஸே. குழந்தையின் உடலில் முதியவரின் குரல் ஒலிப்பது, பழைய பண்டத்தைப் புதிய உறையிலிட்டு விற்கும் முறைக்குப் பொருத்தமான சின்னமாகும். வளர்ந்தவரின் அசட்டுத்தனத்தைக் கண்டு சிறுவர் சிரித்த இடத்தில், சிறுவனொருவனின் அசட்டுத்தனத்தைக் கண்டு சிறுவர் சிரிக்கின்றனர். கீழிருந்து எழுந்த சிரிப்பின் கடைசி எச்சமும் இங்கே நழுவிவிடுகிறது. மறுபுறம், ஹெதர் வீட்டுப் பிள்ளையல்லள், பதவியுடைய துப்பறிவாளர். அவளது திறமை மறைவில் இயங்கவேண்டியதில்லை. 99 என்னும் எண்ணாயிருந்தவள் ஒரு தொடரின் தலைப்பில் பெயராக இடம்பெறுகிறாள். ஆனால் இரண்டாவது பெயராக.

1990இல் நிறைவேறிய சிறுவர் தொலைக்காட்சிச் சட்டமும், வாரத்துக்கு மூன்று மணிநேரம் கல்விசார் நிகழ்ச்சி வேண்டுமென 1996இல் எழுந்த விதியும் இதன்பின் வந்த கிளைகளின் போக்கை விளங்கிக்கொள்ள உதவுகின்றன. 1996இல் கேட்ஜெட் வரலாற்று நிகழ்ச்சியொன்றின் வழிகாட்டியானார். கேட்ஜெட் பையனும் பின்னர் காலங்கடந்து வரலாற்றுக்குள் பயணஞ் செய்தான். பெற்றோரும் ஆசிரியரும் நீண்டநாள் போராடிப் பெற்ற சீர்திருத்தத்துக்குச் சந்தை தன் பழைய பாத்திரத்தையே ஆசிரியராக்கி விடையளித்தது. 2000களின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான ‘கேட்ஜெட்டும் கேட்ஜெட்டினிகளும்’ தொடரில் பிரெயின் பணியிலிருந்து விலகிவிடுகிறது. அதனிடத்தில் பெனி உருவாக்கிய இரு சிறு இயந்திரங்கள் இன்ஸ்பெக்டரைக் காக்கின்றன. உழைத்துக் களைத்த உயிருக்குப் பதிலாக இயந்திரம் வந்தது. 2015இல் கணினி வழி ஆக்கப்பட்ட தொடரிலேதான் பெனி பயிற்சி பெறும் துப்பறிவாளராக ஏற்கப்படுகிறாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் வழக்குகளைத் துலக்கியபின் அவளுக்குக் கிடைத்த பதவி பயிலுநர் பதவி. பெண்கள் இயக்கத்தின் தாக்கம் இதிலுண்டு என்பதில் ஐயமில்லை. அத்தாக்கத்துக்குச் சந்தை விதித்த எல்லையும் இதிலுண்டு.

இக்காலமெல்லாம் பாத்திரத்தின் உடைமையுரிமை கைமாறிக்கொண்டேயிருந்தது. 1996இல் டிஸ்னி நிறுவனம் ஏ.பி.சி.யை வாங்கியபோது டிக் நிறுவனமும் அதன் பிடிக்குள் வந்தது. 1999இல் டிஸ்னி கேட்ஜெட்டை நடிகரைக் கொண்டு திரைப்படமாக்கியது. 2000இல் ஹேவேர்ட், பெயின் கப்பிற்றல் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் துணையுடன் அதனை மீட்டார். 2008இல் குக்கி ஜார் நிறுவனத்திடமும், 2012இல் டி.எச்.எக்ஸ். நிறுவனத்திடமும் அது சென்றது. பின்னையது 2019இல் வைல்ட்பிரெயின் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பேரம் பேசப்பட்டது, எண்பதுகளில் டோக்கியோவிலும் தாய்பெயிலும் வரையப்பட்டு முடிந்த சித்திரங்களின் பேரிலேயாகும். வரைந்தோருக்கு அவ்வுடைமையில் பங்கில்லை.

(7)

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் ஒப்புமை புலப்படும். கதைக்குள் பெனி உழைக்கிறாள், கேட்ஜெட் பாராட்டுப் பெறுகிறார். கதைக்கு வெளியே பெயரறியாத சித்திரக்காரர் உழைக்கின்றனர், நிறுவனம் உரிமை பெறுகிறது. படைத்தோர் இதனைக் கருதிச் செய்தனர் என நாம் வாதிடவில்லை. உற்பத்தி உறவுகள் கலைஞரின் நோக்கத்தைக் கேட்டுக் கலையுள் நுழைவதில்லை. எந்தச் சமூகத்தில் உழைப்பும் அதன் பயனும் பிரிந்து கிடக்கின்றனவோ அந்தச் சமூகத்தின் குழந்தைக் கதையிலும் அப்பிரிவு பதிந்துவிடுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் எஞ்சுகிறது. பெனியின் உழைப்பைக் குழந்தை தன் கண்ணாற் காண்கிறது. தாய்பெயின் உழைப்பை அது காண்பதில்லை. முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை எந்தக் குழந்தையும் வாசிப்பதில்லை. வளர்ந்தோரிலும் வாசிப்போர் சிலரே.

இன்று எமது இல்லங்களிலும் பிறநாட்டுச் சித்திரத் தொடர்கள் தமிழ்க் குரலில் ஒலிக்கின்றன. அவற்றைத் தடைசெய்யவேண்டும் என்போரும், பொருட்படுத்தவே வேண்டாம் என்போரும் ஒரே தவறைச் செய்கின்றனர். பார்க்கும் குழந்தையின் அறிவை இருசாராரும் குறைத்து மதிக்கின்றனர். அருகே அமர்ந்து பார்த்து, வேலையைச் செய்தவர் யார், பாராட்டுப் பெற்றவர் யார் என்று வினவுதலே பயனுள்ள வழியாகும். குழந்தை தயங்காது விடை கூறும். அவ்வாறாயின் அவள் ஏன் பேசாதிருந்தாள் என்னும் அடுத்த வினாவை அக்குழந்தையே எழுப்புமாயின், சிறுவர் கலை பற்றிய எமது விமர்சனம் தன் பணியைத் தொடங்கிவிட்டது என்று கருதலாம்.